தனியே பறக்கும் மாணவரும் தரையில் இருக்கும் குரலும்

2018 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பெவர்லி விமான நிலையத்திலிருந்து 17 வயது மாணவி ஒருவர் பைப்பர் வாரியர் வகைச் சிறு விமானத்தில் தன்னந்தனியாகக் கிளம்பினார். ஓடுபாதையை விட்டு எழும்போதே வலப்பக்கச் சக்கரம் கழன்று விழுந்துவிட்டது. அந்த வகை விமானத்தில் இறக்கை விமானியின் இருக்கைக்குக் கீழே இருக்கும். சக்கரம் அதற்கும் அடியில். உள்ளே உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்தாலும் தெரியாது. வெளியே இருந்து பார்த்தவர் சொல்லி, கட்டுப்பாட்டுக் கோபுரம் வழியாகத்தான் அவருக்குச் செய்தியே போனது. பிறகு அவருடைய பயிற்றுநரின் குரல் ரேடியோவில் வந்தது. அவர் சொல்லச் சொல்ல, வலப்பக்கம் சக்கரமில்லாத விமானத்தை அந்த மாணவி இறக்கினார். ஒரு காயமும் இல்லை. அந்த உரையாடலின் ஒலிப்பதிவு பரவியபோது, கேட்டவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: துணிச்சல்.

துணிச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் இப்படிப்பட்ட சம்பவங்களைத் துணிச்சல் கதைகளாக மட்டுமே சொல்லிப் பழகினால், அவற்றிலிருந்து கற்க வேண்டியதைத் தவறவிடுகிறோம் என்று நினைக்கிறேன். தனியாகப் பறக்கும் மாணவருக்கு வானில் ஆபத்து வரும்போது, அவர் பிழைப்பாரா என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது ஒன்றுதான்: அந்த நிமிடங்களில் அவர் தலையிலிருந்து எத்தனை வேலைகள் இறக்கிவைக்கப்பட்டன, எத்தனை வேலைகள் ஏற்றிவைக்கப்பட்டன என்பது. அவருடைய மனத்திடம் அதற்கு அடுத்தபடிதான்.

பெவர்லியில் என்ன நடந்தது என்பதை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். சக்கரம் போனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, இறக்கைகள் சரியாக இருந்தன, டாங்கில் எரிபொருள் இருந்தது. அதாவது, விமானம் பறப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. தரையைத் தொடும் கடைசிச் சில நொடிகள்தான் சிக்கல். ஆகவே அவசரப்பட வேண்டிய தேவை இல்லை. தரையில் இருந்தவர்கள் அந்த நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தினார்கள். அந்த மாணவி நன்கு அறிந்த குரலைக் கொண்டுவந்து பேசவைத்தார்கள். சக்கரம் ஒன்று இல்லாத விமானத்தை எப்படி இறக்குவது என்பதற்குத் தெளிவான வழிமுறை உண்டு: நல்ல சக்கரம் முதலில் தரையைத் தொட வேண்டும், சக்கரமில்லாத பக்கத்து இறக்கையைக் கட்டுப்பாட்டுக் கருவியால் முடிந்தவரை தூக்கிப் பிடிக்க வேண்டும், வேகம் குறையக் குறைய இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும், கடைசியில் அந்தப் பக்கம் சாய்ந்து தரையை உரசும், விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பும். அப்போது வேகம் குறைவாக இருப்பதால் விமானத்துக்குச் சேதம் வந்தாலும் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. இதையெல்லாம் அந்த மாணவி அந்த நேரத்தில் தானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. யோசிப்பதற்குத் தரையில் ஆள் இருந்தார்கள். அவர் செய்ய வேண்டியிருந்தது ஏற்கெனவே பல முறை செய்து பழகியது: விமானத்தை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவந்து, மெதுவாக இறக்குவது.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் 2006 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்எண்ட் விமான நிலையத்தில் நடந்தது. 16 வயது மாணவன் ஒருவன் செஸ்னா 150 விமானத்தில் தன் இரண்டாவது தனிப் பறத்தலை முடித்துத் தரையிறங்க வந்துகொண்டிருந்தான். விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை. பின்னால் அதைவிட வேகமான இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. இடைவெளி போதாது என்பதால், தரையிறங்காமல் மேலெழுந்து மறுபடி சுற்றி வரும்படி கோபுரம் சொன்னது. இதை விமானிகள் ‘கோ அரவுண்ட்’ என்பார்கள். மாணவர்கள் பயிற்சியில் செய்து பார்த்திருப்பார்கள். ஆனால் உடனே அந்த உத்தரவு மாற்றப்பட்டு, இடப்பக்கம் திரும்பி வடக்கு நோக்கிப் பறக்கும்படி சொல்லப்பட்டது. இது வழக்கத்துக்கு மாறான உத்தரவு. அவன் பயிற்சியில் வராதது. தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில் திரும்பிய விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. அந்தச் சிறுவன் இறந்துபோனான். பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் அறிக்கையைப் படித்தால், அவன் பெற்றிருந்த பயிற்சியும் அனுபவமும் போதாத ஒரு சூழ்நிலையில் அவனை நிறுத்தியதுதான் மையக் காரணமாகத் தெரிகிறது.

இங்கே சற்று நின்று, ஒரு சாதாரணத் திருப்பம் ஏன் உயிரைப் பறிக்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். விமானத்தின் இறக்கை தூக்கும் சக்தியைத் தருவது அதன் மேல் பாயும் காற்றினால். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால், அல்லது மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தால், காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும். இறக்கை திடீரென்று தூக்குவதை நிறுத்திவிடும். இதுதான் ‘ஸ்டால்’. எஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நேராகப் பறக்கும்போது எந்த வேகத்தில் ஸ்டால் வருமோ, உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பும்போது அதைவிடச் சுமார் 19 விழுக்காடு அதிக வேகத்திலேயே வந்துவிடும். 60 பாகை சாய்ந்தால் 41 விழுக்காடு. செஸ்னா 150 போன்ற விமானம் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ‘ஃப்ளாப்’ தகடுகளை மடக்கி நேராகப் பறக்கையில் மணிக்கு ஏறக்குறைய 88 கிலோமீட்டருக்குக் கீழே போனால் ஸ்டால் ஆகும். தரையிறங்க வரும் வேகம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் 45 பாகை சாய்த்தால் ஸ்டால் எல்லை 105 கிலோமீட்டருக்கு வந்து நிற்கும். கையில் மிச்சமிருப்பது ஐந்து கிலோமீட்டர். உயரத்தில் இருந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்டுவிடலாம். ஓடுபாதைக்கு அருகே, தரைக்குச் சில நூறு அடி உயரத்தில், மீட்பதற்கு இடமே கிடையாது. ஆகவே அந்த நேரத்தில் விமானியின் கவனம் வேகத்தின் மீதும் சாய்வின் மீதும் மட்டுமே இருக்க வேண்டும். புதிய உத்தரவு, புரியாத திசை, மாறிய திட்டம் என்று ஒவ்வொன்றும் அந்தக் கவனத்தில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது.

அனுபவமுள்ளவர்களுக்கு மட்டும் இது நேராது என்று எண்ண வேண்டாம். 1972 டிசம்பர் 29 அன்று இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் விமானம் மியாமியில் இறங்க வந்தது. மூக்குச் சக்கரம் விரிந்து பூட்டிக்கொண்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தேர்ந்தவர்கள். எல்லாரும் அந்த விளக்கில் மூழ்கிப்போனார்கள். தானியங்கிக் கருவியின் பிடி நழுவி விமானம் மெல்ல மெல்லக் கீழிறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதி 101 பேர் இறந்தார்கள். விளக்குத்தான் கெட்டுப்போயிருந்தது, சக்கரத்தில் குறையில்லை. முதலில் பறக்கவை, அடுத்து எங்கே போகிறோம் என்று பார், அதற்கப்புறம் பேசு என்ற வரிசையை உலகம் முழுதும் பயிற்றுநர்கள் மாணவர்களுக்கு மனப்பாடமாக்குவது இதனால்தான். தேர்ந்தவர்கள் பலர் இருந்த அறையிலேயே கவனம் இப்படி ஒரே இடத்தில் சிக்கிக்கொள்ளுமானால், பத்து இருபது மணி நேரம் மட்டுமே பறந்த ஒருவர், பக்கத்து இருக்கை காலியாக இருக்க, அதிர்ச்சியில் உறைந்திருக்கும்போது என்ன ஆகும் என்று ஊகிப்பது கடினமில்லை. பயத்தில் பார்வை குறுகும். காதில் விழுவது மனத்தில் பதியாமல் போகும். எளிய கூட்டல் கழித்தல்கூடக் கைகொடுக்காது.

தேர்ந்த விமானிக்கும் மாணவருக்கும் உள்ள வேறுபாடு கைத்திறனில் இருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சின்களும் செயலிழந்தபோது, யுஎஸ் ஏர்வேஸ் 1549ஆம் விமானத்தின் கேப்டன் சல்லன்பெர்கருக்குத் தரையிலிருந்து ஓடுபாதை ஓடுபாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் தந்த பதில்களில் ஒன்று, ‘அனேபிள்’ என்ற ஒற்றைச் சொல். முடியாது. விளக்கம் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். கோபுரத்தின் பேச்சை மறுக்கலாம், பதில் சொல்லாமலும் இருக்கலாம் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. மாணவருக்கு அந்த உரிமை தாளில் மட்டும்தான் இருக்கிறது. சட்டப்படி தனியாகப் பறக்கும் 16 வயதுச் சிறுவனும் அந்த விமானத்தின் தலைமை விமானிதான். அவசரத்தில் விதியை மீறவும் அவனுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கோபுரத்தில் பேசுபவர் பெரியவர், எல்லாம் தெரிந்தவர், நாம் கற்றுக்குட்டி என்ற எண்ணம் அவனுக்குள் இருக்கும்போது அந்த அதிகாரத்தை அவன் எப்படி எடுத்துப் பயன்படுத்துவான்? சவுத்எண்டில் அந்தச் சிறுவன் சொன்னபடி கேட்டான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. தீர்மானம் எடுக்கக் கற்பதற்காகத்தானே தனியே அனுப்புகிறோம், தரையிலிருந்து கையைப் பிடித்து நடத்தினால் அவர் எப்போது விமானியாவார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்குத் தேவையான 200 மணி நேரத்தில் 100 மணி நேரம் தானே தலைமை விமானியாகப் பறந்திருக்க வேண்டும் என்று விதி இருப்பதும் பொறுப்பைச் சுமந்து பழகத்தான். ஆனால் சுமையைக் குறைப்பதும் தீர்மானத்தைப் பிடுங்கிக்கொள்வதும் ஒன்றல்ல. 2019 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அருகே, ஜாண்டகாட்டில், ஒரு மாணவருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோதே பயிற்றுநர் மயங்கிச் சாய்ந்துவிட்டார். அந்த மாணவர் அதுவரை ஒரு முறைகூட விமானத்தை இறக்கியதில்லை. கட்டுப்பாட்டு அலுவலர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவரோடு பேசினார். இறக்கைகளைச் சமமாக வைத்திருக்கச் சொன்னார். ஓடுபாதையை ஒட்டித் தாழப் பறந்து பார்க்க வைத்தார். அதற்குப் பிறகுதான் இறங்கச் சொன்னார். கைகள் மாணவருடையவை. தரையைத் தொட்ட நொடியும் அவருடையதுதான். தரையிலிருந்து வந்தது வேலைகளின் வரிசை மட்டுமே.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. எஞ்சின் தாழ்வான உயரத்தில் நின்றுபோனால் ரேடியோவில் பேச நேரம் எங்கே? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பயிற்சி விமானங்கள் ஓடுபாதையைச் சுற்றிப் பறப்பது வழக்கமாகத் தரையிலிருந்து ஆயிரம் அடி உயரத்தில். செஸ்னா 152 எஞ்சின் இல்லாமல் மிதந்து இறங்கினால், ஒரு மடங்கு உயரத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு தூரம் போகும். அதாவது மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. நேரமோ ஒன்றரை நிமிடத்துக்குள். அதற்குள் மிதக்கும் வேகத்தைப் பிடிக்க வேண்டும், இறங்க இடம் பார்க்க வேண்டும், எரிபொருள் திறப்பையும் சுவிட்சுகளையும் சரிபார்க்க வேண்டும். 2022 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து தனியாகப் பறந்த 22 வயது பயிற்சி விமானியின் செஸ்னா, இந்தாபூர் வட்டத்தில் ஒரு வயலில் விழுந்து நொறுங்கியது. அவர் சிறு காயங்களோடு தப்பினார். இப்படிப்பட்ட கணத்தில் கோபுரத்தின் குரல் உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் அதே விதிதான் வேலை செய்கிறது. சுமையைக் குறைக்கும் வேலை முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எஞ்சின் நின்றதும் மூக்கைத் தாழ்த்து, ஓடுபாதைக்குத் திரும்பப் பார்க்காதே, முன்னால் இருக்கும் நிலத்தை எடுத்துக்கொள் என்று பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் விசையைக் குறைத்துக் குறைத்துப் பழக்கியிருந்தால், அன்றைக்கு யோசிக்க வேண்டிய பாதி ஏற்கெனவே யோசிக்கப்பட்டிருக்கும். புறப்பட்ட சில நொடிகளில் எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்கே திரும்பப் பார்ப்பது, மேலே சொன்ன ஸ்டால் கணக்கின்படி, உயிரைப் பறிக்கும் ஆசை. அந்த ஆசையை அந்த நொடியில் தர்க்கத்தால் அடக்க முடியாது. பழக்கத்தால்தான் முடியும். அமெரிக்க விதிகள் முதல் தனிப் பறத்தலுக்கு முன் மாணவர் ஓர் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், தவறாக எழுதியவற்றைப் பயிற்றுநர் அவரோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும், ஸ்டாலும் அவசரகாலச் செயல்முறைகளும் பழகியிருக்க வேண்டும் என்கின்றன. பயிற்றுநர் தரும் ஒப்புதலும் 90 நாள்தான் செல்லும். இவை சடங்குகள் போலத் தோன்றலாம். ஒவ்வொன்றும் அந்த ஒன்றரை நிமிடத்திலிருந்து ஒரு வேலையை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுகிறது.

அப்படியானால் தனிப் பறத்தலையே நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் சிமுலேட்டரில் வைத்துக்கொள்ளக் கூடாதா? பிள்ளையை விமானப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. சிமுலேட்டர் செயல்முறைகளைப் பழக்கும். எஞ்சின் தீப்பிடிப்பதை நூறு முறை காட்டும். ஆனால் அங்கே எவ்வளவு தவறு செய்தாலும் யாரும் சாவதில்லை என்பது மாணவருக்குத் தெரியும். அந்த அறிவு இல்லாத இடத்தில் தன் மனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தனிப் பறத்தல்தான் காட்டும். விமானமே வேறுவிதமாக நடந்துகொள்ளும்: பயிற்றுநரின் எடை இல்லாததால் வேகமாக மேலேறும், இறங்கும்போது தரையை ஒட்டி நெடுநேரம் மிதக்கும். அந்த வேறுபாட்டைத் தன் உடம்பால் உணராத ஒருவரை நூற்றைம்பது பயணிகளோடு அனுப்ப யாருக்கும் மனம் வராது.

ஆகவே செய்ய வேண்டியது, தனிமையை வைத்துக்கொண்டு சுமையைக் குறைப்பது. அதற்கான கருவிகள் எளியவை. பிரிட்டனில் மாணவர்கள் ரேடியோவில் தங்கள் அழைப்புப் பெயருக்கு முன்னால் ‘ஸ்டூடன்ட்’ என்று சேர்த்துச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் முதல் அழைப்பிலேயே ‘மாணவ விமானி’ என்று அறிவித்துக்கொண்டால் கட்டுப்பாட்டாளர்கள் கூடுதல் கவனம் தருவார்கள் என்று அரசின் கையேடே சொல்லிவைத்திருக்கிறது. ஒற்றைச் சொல் அது. கேட்டவுடன் எதிர்முனையில் இருப்பவர் மெதுவாகப் பேசுவார், ஒரு நேரத்தில் ஒரே உத்தரவு தருவார், பின்னால் வரும் வேக விமானத்தை விலக்கிவிடுவார். உலகம் முழுதும் அவசரத்துக்கென ஒதுக்கப்பட்ட 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும், ரேடாரில் அவசரத்தைக் காட்டும் 7700 என்ற எண்ணும், மூன்று முறை சொல்லப்படும் ‘மேடே’யும் இதே நோக்கத்துக்குத்தான்: நீண்ட விளக்கத்தைச் சுருக்கமான ஓர் அடையாளத்துக்குள் அடைத்துவிடுவது.

ஆனால் இந்தச் சொற்களைச் சொல்ல வாய் வர வேண்டும். நம் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இங்கேதான் கவலை வருகிறது. வகுப்பில் புரியவில்லை என்று கையைத் தூக்குவது குறையாகவும், பெரியவர் சொன்னதை மறுப்பது மரியாதைக் கேடாகவும் பார்க்கப்படும் வழக்கம் இன்னும் போகவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ‘சரி சார்’ சொல்லிப் பழகிய ஒருவர், ரேடியோவில் வேகமான ஆங்கிலத்தில் ஓர் உத்தரவு வந்ததும், புரியாமலே அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்யத் தொடங்குவது இயல்பு. ரேடியோ உரிமத் தேர்வில் சரியான வாக்கியங்களை எழுதித் தேறிவிடலாம். ‘முடியாது’, ‘புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்’, ‘நான் மாணவன், தனியாக இருக்கிறேன்’ என்ற மூன்றையும் கூச்சமில்லாமல் சொல்வது வேறு பயிற்சி. விமானம் ஓட்டப் பழக்குவது போலவே இதையும் பழக்கலாம். பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே, கோபுரத்துக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, செய்ய முடியாத ஓர் உத்தரவைக் கொடுக்கச் செய்து, மாணவர் அதை மறுக்கிறாரா என்று பார்க்கலாம். மறுத்தால் பாராட்ட வேண்டும். கீழ்ப்படிந்தால், ஸ்டால் பயிற்சியில் தவறினால் எப்படியோ அப்படி, அதைத் தேர்ச்சிக் குறைவாகக் குறித்து மறுபடி நடத்த வேண்டும். பிள்ளையைப் பறக்க அனுப்பும் பெற்றோர் பயிற்சி நிறுவனத்திடம் எத்தனை விமானங்கள் இருக்கின்றன, எத்தனை மாதத்தில் முடியும் என்று கேட்கிறார்கள். முதல் தனிப் பறத்தலுக்கு முன் எத்தனை முறை எஞ்சினைக் குறைத்துப் பழக்குவீர்கள், அன்றைக்குக் கோபுரத்தில் இருப்பவருக்கு இன்னார் முதல் முறையாகத் தனியே பறக்கிறார் என்று சொல்லிவைப்பீர்களா, அவருடைய பயிற்றுநர் ரேடியோ கைக்கெட்டும் தூரத்தில் இருப்பாரா என்றும் அவர்கள் கேட்கலாம்.